புறநகரில் வீடு வாங்குவோர் சிந்தனைக்கு

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

   

சில ஆண்டுகளாக நம் மஹல்லாவின் குடும்பங்கள் ஒவ்வொன்றாக நகரின் எல்லையைக் கடந்து சென்று கொண்டிருக்கின்றன. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் என்று தெற்கே சிலர். ஆவடி, திருநின்றவூர் என்று மேற்கே சிலர். ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் வாசலில் மனை விற்பனைத் துண்டுப் பிரசுரங்கள் கையில் திணிக்கப்படுகின்றன. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு, "ஹஜ்ரத், வாங்கலாமா?" என்று நம்மிடம் கேட்பவர்களும் உண்டு. ஒருவர் தம் ஆயுள் உழைப்பையெல்லாம் ஒரே நாளில் ஒரே கையொப்பத்தில் கொடுத்து விடும் காரியம் இது. ஆகவே, வாங்குங்கள் என்றோ வாங்காதீர்கள் என்றோ ஒரு சொல்லில் தீர்ப்பளிக்காமல், தராசின் இரு தட்டுகளிலும் என்னென்ன இருக்கின்றன என்பதை இச்சபையில் எடுத்து வைக்க விரும்புகிறோம்.

வெளியேறுவோரின் நியாயங்கள்

முதலில், செல்பவர்களைக் குறை கூறுவதற்கு இடமில்லை. மூன்று சகோதரர்கள் ஒரே பூர்வீக வீட்டில், ஆளுக்கொரு அறையென வாழ்ந்து, இப்போது அவர்களின் பிள்ளைகளும் திருமண வயதை அடைந்து விட்டனர். வயது வந்த மகனுக்கும் மகளுக்கும் தனித்தனியே படுக்க இடமில்லாத வீட்டில் கண்ணியத்தைப் பேணுவது எளிதன்று. வாடகைக்கு இருப்போரின் நிலை இன்னும் கடினம். பதினொரு மாதங்களுக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் வாடகை உயர்கிறது. நம் பெயரைக் கேட்டவுடன் 'வீடு காலியில்லை' என்ற பதிலைப் பெற்ற அனுபவமும் நம்மில் சிலருக்கு உண்டு. சொந்தமாக நான்கு சுவர்கள் வேண்டும் என்ற ஆசை இயற்கையானது. வசதியான இல்லத்தை மார்க்கமும் ஒரு பாக்கியமாகவே கருதுகிறது.

புறநகரில் நன்மைகளும் உள்ளன. காற்றும் வெளிச்சமும் உண்டு. பிள்ளைகள் ஓடியாட இடமுண்டு. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின், தென்மாவட்டங்களுக்குச் செல்லும் பேருந்துகள் அங்கிருந்து புறப்படுவதால், சொந்த ஊர் தெற்கே உள்ளவர்களுக்கு அப்பகுதி வசதியாகி விட்டது. அங்கேயே தொழிலோ வேலையோ அமைந்தவர்களுக்குப் புறநகர் வீடு பெரும் நிஃமத் என்பதில் ஐயமில்லை.

சொன்ன விலையும் கொடுக்கும் விலையும்

துண்டுப் பிரசுரத்தில் அச்சிடப்படும் விலை முழு விலையன்று. மனையோ தனி வீடோ கிரயம் செய்தால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் அரசுக்குச் செலுத்த வேண்டும். 20 லட்சம் ரூபாய் கிரயத்திற்கு இதுவே 1 லட்சத்து 80 ஆயிரம். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் மதிப்புக்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. இதற்கு மேல் பத்திரம் எழுதும் கூலி, வழக்கறிஞர் கட்டணம், பட்டா மாற்றம் ஆகியன உண்டு. வெறும் மனையாயின் சுற்றுச்சுவர், ஆழ்துளைக் கிணறு, கழிவுநீர்த் தொட்டி, மின் இணைப்பு என வரிசை நீளும். வீட்டைக் கட்டிப் பார் என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை.

பணத்தில் கணக்கிடாத மற்றொரு விலையும் உண்டு. அது நேரம். கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து தாம்பரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். செங்கல்பட்டு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கூடுவாஞ்சேரி இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளது. தாம்பரம் வரை அடிக்கடி வரும் மின்சார ரயில், அதற்கப்பால் அவ்வளவு அடிக்கடி செல்வதில்லை. மண்ணடியிலோ பெரியமேட்டிலோ கடை வைத்திருப்பவர், வீட்டிலிருந்து நிலையம், ரயில், அங்கிருந்து கடை எனப் போக வர நாளொன்றுக்கு 3 மணி நேரம் செலவிடுவதாக வைத்துக் கொள்வோம். மாதம் 25 நாட்களுக்கு 75 மணி நேரம். ஆண்டுக்கு 900 மணி நேரம். இரவும் பகலும் சேர்ந்த முழு நாட்களாக எண்ணினால் இது 37 நாட்களுக்கும் மேல்! பிள்ளை உறங்கும்போது புறப்பட்டு, பிள்ளை உறங்கிய பின் வீடு திரும்பும் தந்தை, யாருக்காக அந்த வீட்டை வாங்கினார் என்று யோசிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்.

விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோ ரயிலை நீட்டிப்பது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. அவ்விதப் பேச்சு எழுந்த நாளிலேயே மனை விலையும் ஏறி விடுகிறது. ஓடுகின்ற ரயிலுக்கு விலை கொடுங்கள். ஓடப்போவதாகச் சொல்லப்படும் ரயிலுக்கு இன்றே விலை கொடுக்காதீர்கள்.

நீர் இரண்டு விதமாகச் சோதிக்கும்

தாம்பரத்தைச் சுற்றியுள்ள நிலம் ஏரிகளின் நிலம். ஓர் ஏரி நிரம்பி, அதன் உபரி நீர் கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குச் சென்று, இறுதியில் அடையாற்றில் சேரும்படி நம் முன்னோர் அமைத்திருந்தனர். தாங்கல், ஏந்தல் என்று முடியும் ஊர்ப் பெயர்கள் அங்கு நீர் தேங்கியிருந்ததற்குச் சாட்சிகள். கால்வாய் தூர்ந்து அதன் மேல் மனைகள் வந்தாலும், மழை நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை.

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் மக்களைப் படகு கொண்டு மீட்க நேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம் பகுதிகளில் நாள்கணக்கில் நீர் வடியவில்லை. அவ்வீடுகளை வாங்கியவர்கள் பெரும்பாலும் அவற்றைக் கோடையில் பார்த்து வாங்கியவர்களே. சித்திரையில் பார்த்தால் எல்லா நிலமும் மேடுதான். ஐப்பசி, கார்த்திகையில் சென்று பாருங்கள். பக்கத்துத் தேநீர்க் கடைக்காரரிடமும், மளிகைக் கடைக்காரரிடமும், அங்கு முன்பே குடியேறியவரிடமும் கேளுங்கள். சுவரில் படிந்திருக்கும் நீர்க் கறையின் உயரத்தைக் கவனியுங்கள். வீட்டின் தரைமட்டம் சாலையை விட எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். சாலை மறுபடியும் போடப்படும்போது அந்த உயரம் குறையும்.

மழைக்காலத்தில் நீர் மிகுதியால் வரும் சோதனை, கோடையில் நீரின்மையால் வரும். 2019 ஜூன் மாதத்தில் நகருக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டதை நாம் மறந்து விடவில்லை. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் இல்லாத பகுதியில், நல்ல நீரை லாரியில் வாங்க வேண்டும். கழிவு நீரையும் லாரியில் அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் மாதந்தோறும் பணம். ஆழ்துளைக் கிணற்று நீரை ஒரு குவளை குடித்துப் பாருங்கள். அதில் சோப்பு நுரைக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு குடும்பம் இருபது ஆண்டுகள் பயன்படுத்தப் போகும் நீர் அது.

பத்திரத்தில் பார்க்க வேண்டியவை

வாய்ச்சொல்லை நம்பி முன்பணம் கொடுத்து விட்டுப் பின்னர் பஞ்சாயத்துக்கு ஜமாஅத்தை நாடுவோர் பலர். கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளும்படியும் சாட்சிகளை வைத்துக் கொள்ளும்படியும் நம் மார்க்கம் வலியுறுத்தியிருக்க, நாம் ஏன் இதில் அலட்சியம் காட்ட வேண்டும்?

முதலாவதாக, மூலப்பத்திரம் முதல் இன்று வரையிலான தொடர் அறுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தது 30 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே வில்லங்க விவரத்தைப் பார்க்கலாம். பட்டாவில் உள்ள பெயரும் பத்திரத்தில் உள்ள பெயரும் ஒன்றா, சர்வே எண்ணும் புல வரைபடமும் பொருந்துகின்றனவா, புறம்போக்கு நிலமோ நீர்நிலையோ அதில் சேர்ந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். பூர்வீகச் சொத்தாயின் விற்பவரின் சகோதரிகள் கையொப்பமிட்டுள்ளனரா என்று அவசியம் கேளுங்கள். பிறர் பங்கு கலந்த நிலத்தில் நாம் நிம்மதியாக உறங்க முடியாது. அவ்வாறே, வக்ஃபு நிலம் மனையாக விற்கப்படும் கொடுமையும் நடக்கிறது. வக்ஃபு சொத்தைத் தெரிந்தே வாங்குவது எவருக்கும் ஆகாது. நமக்கு அறவே ஆகாது.

இரண்டாவதாக, மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். பெருநகரப் பகுதியில் சி.எம்.டி.ஏ.வும், அதற்கு வெளியே நகர் ஊரமைப்புத் துறையும் அங்கீகாரம் அளிக்கின்றன. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லப்படுவதைக் கொண்டு திருப்தியடைய வேண்டாம். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாதெனச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததும், பின்னர் 2016 அக்டோபர் 20 என்ற நாளை எல்லையாக வைத்து 2017-ல் வரன்முறை விதிகள் வந்ததும் நமக்குத் தெரியும். அந்நாட்களில் மகளின் திருமணத்திற்கென வாங்கிப் போட்ட மனையை விற்க முடியாமல் தவித்தவர்கள் நம் மஹல்லாவிலும் இருந்தனர்.

மூன்றாவதாக, 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வாங்குவோருக்குச் சில பாதுகாப்புகளைத் தந்துள்ளது. நிலப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட, அல்லது 8 வீடுகளுக்கு மேற்பட்ட திட்டங்களை ரெரா ஆணையத்தில் பதிவு செய்யாமல் விற்கக் கூடாது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்திற்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தை அத்திட்டத்திற்கென்றே தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை கண்டால் கட்டியவரே சரி செய்ய வேண்டும். அடுக்ககமாயின் சுவருக்குள் அடங்கிய தரைப்பரப்பு எவ்வளவு, நிலத்தில் நமக்கு வரும் பிரிபடாத பாகம் எவ்வளவு என்ற இரண்டையும் எழுத்தில் பெறுங்கள். 1,000 சதுர அடி என்று விலை பேசப்பட்ட வீடு, உள்ளே அளந்தால் வெகுவாகக் குறைந்திருக்கும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

இச்சபையில் பலரும் எதிர்பார்த்திருக்கும் கேள்வி இதுவே. வட்டி ஹராம் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. மார்க்கத் தீர்ப்பை ஒரு புறம் வைத்து, வெறும் கணக்கையே பார்ப்போம். 30 லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்குக் கடன் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 26 ஆயிரம் ரூபாய். மொத்தம் கட்டுவது 62 லட்சத்திற்கும் மேல். அதாவது ஒரு வீட்டை வாங்கி இரண்டு வீட்டுக்கு மேலான பணத்தைக் கொடுக்கிறோம். அதே போன்ற வீட்டைப் புறநகரில் வாடகைக்கு எடுத்தால், பெரும்பாலும் அத்தவணையில் பாதிக்கும் குறைவாகவே முடியும். எனவே, 'வாடகை வீண், தவணை சேமிப்பு' என்ற வாதம் எல்லோருக்கும் பொருந்தாது. தொழிலில் ஒரு சரிவு, வீட்டில் ஒரு பெரிய நோய் வந்தால் தவணை நிற்பதில்லை. வீடுதான் ஏலத்திற்குப் போகும்.

அப்படியாயின் வழி என்ன? விற்பவரே விலையை முன்கூட்டி நிர்ணயித்து, தவணைகளையும் நிர்ணயித்து விற்றால், ரொக்க விலையை விடக் கூடுதலாக இருப்பினும் அது வியாபாரமே என்பது பெரும்பான்மையான ஃபிக்ஹ் அறிஞர்களின் முடிவு. ஆனால் தவணை தாமதமானால் தொகை வளரும் என்ற நிபந்தனை அதில் நுழைந்து விடாமல் பார்க்க வேண்டும். கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தை ஆலிம் ஒருவரிடமும் வழக்கறிஞர் ஒருவரிடமும் காட்டுங்கள். உறவினரிடம் கைமாற்றாகப் பெறுவோர் தொகையையும் தவணையையும் எழுதிக் கொடுங்கள். மனைவியின் நகை மனைவியின் சொத்து. அதை விற்பதாயின் அவருடைய மனமொப்பிய சம்மதம் வேண்டும். அவர் கொடுத்த அளவுக்கு அவர் பெயரிலும் பங்கு இருப்பதே நீதி.

இங்கு ஒரு சட்டத்தையும் நினைவூட்டுகிறோம். குடியிருக்கும் வீட்டிற்கும், வீடு கட்டிக் குடியேறும் எண்ணத்துடன் வாங்கிய மனைக்கும் ஜகாத் இல்லை. லாபத்திற்கு விற்கும் எண்ணத்துடனேயே வாங்கிப் போட்ட மனையோ வியாபாரச் சரக்கு. ஒவ்வோர் ஆண்டும் அதன் அன்றைய சந்தை மதிப்பில் 2.5 சதவீதம் ஜகாத் கடமையாகும். மனை வாங்கிப் போட்டவர்கள் தம் எண்ணத்தைத் தாமே சோதித்துக் கொள்வார்களாக.

வீட்டிற்கு முன் அண்டை வீட்டார்

வீட்டைத் தேடுமுன் அண்டை வீட்டாரைத் தேடு என்பது அரபிகளிடையே வழங்கும் முதுமொழி. பழைய மஹல்லாவில் ஒரு தாய்க்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வருகிறது. ஆண்கள் எல்லோரும் காலையில் நகருக்குச் சென்று விடும் புறநகர்த் தெருவில், பகல் முழுவதும் தனித்திருக்கும் பெண்களையும் முதியவர்களையும் எண்ணிப் பாருங்கள். அருகில் இரவிலும் இயங்கும் மருத்துவமனை உண்டா? இரவு பத்து மணிக்கு ஆட்டோ கிடைக்குமா? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? மாலையில் குர்ஆன் ஓத மக்தப் உண்டா? அண்டை வீட்டார் எச்சமயத்தவராயினும் அவருக்கு நம்மிடம் உரிமை உண்டு. அவரிடமிருந்து நமக்கும் உதவி உண்டு. குடியேறிய முதல் வாரத்திலேயே சென்று பழகிக் கொள்வது நம் கடமை.

பள்ளிவாசல் விஷயத்தில் அவசரம் கூடாது. ஜும்ஆவுக்கு ஷாஃபிஈ மத்ஹபில் அவ்வூரிலேயே நிலையாகக் குடியிருக்கும் ஆண்கள் 40 பேர் வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இமாமைத் தவிர மூவர் போதும். ஆனால் புதிதாக வணக்கத்தலம் கட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. அதைப் பெறாமல் நான்கு குடும்பங்கள் ஆர்வத்தில் சுவர் எழுப்பினால், ஊரில் கசப்பே மிஞ்சும். ஏற்கனவே பள்ளிவாசல் உள்ள இடத்திற்கு அருகில் வீடு தேடுவதே அறிவுடைமை.

நாம் கேட்கத் தயங்கும் கேள்வியையும் கேட்டு விடுவோம். அங்கே நம் ஜனாஸா எங்கே அடக்கப்படும்? பல புதிய குடியிருப்புகளுக்கு மையவாடி கிடையாது. உறவினர் ஒருவர் மறைந்த இரவில், எந்த ஜமாஅத்தை அணுகுவது என்று தெரியாமல் தொலைபேசியில் அலைந்த குடும்பத்தை நாம் அறிவோம். மகளின் நிக்காஹுக்கு எந்த ஜமாஅத்தின் கடிதம், எந்த தஃப்தரில் பதிவு என்பதும் இதைப் போன்றதே. இங்கே சந்தாவும் நின்று, அங்கேயும் பெயர் சேராமல், இரண்டுக்கும் நடுவில் நிற்கும் குடும்பங்கள் பெருகி வருகின்றன. குடியேறிய உடனேயே அருகிலுள்ள ஜமாஅத்தில் பெயரைப் பதிந்து கொள்ளுங்கள்.

யாருக்கு ஏற்றது?

இதுவரை கூறியவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். தொழிலோ வேலையோ அப்பக்கமே உள்ளவர், கையிருப்பைக் கொண்டோ வட்டியில்லா வழியிலோ வாங்க இயன்றவர், அருகில் உறவினரோ பழகிய குடும்பங்களோ இருப்பவர், மேட்டு நிலத்தில் குறையற்ற பத்திரம் கிடைத்தவர் ஆகியோர் தயக்கமின்றிச் செல்லலாம். நாள்தோறும் நகரின் மையத்திற்கு வந்தாக வேண்டியவர், முதிய பெற்றோருக்கு அடிக்கடி மருத்துவம் தேவைப்படுபவர், வருமானம் முழுவதையும் தவணைக்கே கொடுக்க வேண்டியவர் ஆகியோர் பொறுத்திருப்பதே நலம். வாடகை வீட்டில் இருப்பது இழிவன்று.

இரண்டுக்கும் இடையில் நிற்பவர்களுக்கு ஓர் எளிய யோசனை: வாங்க நினைக்கும் அதே பகுதியில் ஓராண்டு வாடகைக்குக் குடியிருந்து பாருங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடக்கட்டும். தண்ணீர், ரயில், பள்ளிக்கூடம், அண்டை அயல் ஆகிய நான்கும் அதற்குள் விளங்கி விடும். ஓராண்டு வாடகை ஒரு தவறான கிரயத்தை விட மிகவும் மலிவு. பிறகு அனுபவமுள்ளவர்களிடம் மஷூரா செய்து, இஸ்திகாரா தொழுது முடிவெடுங்கள்.

நிர்வாகத்திற்கும் மூன்று வேண்டுகோள்கள். நம் மஹல்லாவிலுள்ள வழக்கறிஞர்களும் பதிவுத்துறை அனுபவமுள்ளவர்களும் மாதம் ஒரு நாள் இஷாவுக்குப் பின் அமர்ந்து, வாங்குவோரின் பத்திரங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். வெளியேறிய குடும்பங்களின் முகவரிப் பட்டியலைத் தனியே பராமரித்து, அவர்கள் சேர்ந்துள்ள ஜமாஅத்துடன் கடிதத் தொடர்பு வைக்க வேண்டும். புதிதாகச் செல்ல விரும்புவோர் தனித்தனியே சிதறாமல், நான்கைந்து குடும்பங்களாகச் சேர்ந்து ஒரே பகுதிக்குச் செல்ல அவர்களை ஒருவரோடொருவர் அறிமுகப்படுத்தி வைக்க வேண்டும்.

சென்றவர்களும் இருப்பவர்களும் நம்மவர்களே. அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான பொருளில் அமைந்த நிம்மதியான இல்லங்களையும், நல்ல அண்டை வீட்டாரையும், கடன் சுமையற்ற வாழ்வையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.